துணை உணவும் ஹார்மோன் சமநிலையும்: வாங்கும் முன் அறிய வேண்டியவை

அலுவலகப் பொறுப்பு, பிள்ளைகளின் படிப்பு, முதிய பெற்றோரின் உடல்நலம், வீட்டுக் கடன் தவணை என அன்றாடச் சுமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும் காலம் இது. இச்சுமைகளால் 'மன அழுத்த ஹார்மோன்' பெருகிவிட்டது. களைப்பு, தொப்பை, முடி உதிர்தல், தூக்கமின்மை ஆகிய அனைத்துக்கும் அதுவே காரணம். இந்த மாத்திரையை மூன்று மாதம் உட்கொண்டால் எல்லாம் சீராகிவிடும் என்னும் விளம்பரங்கள் நம் கைப்பேசியில் நாள்தோறும் வந்தவண்ணம் உள்ளன. மாத்திரை, சூரணம், பானப்பொடி, மிட்டாய் எனப் பல வடிவங்களில் விற்கப்படும் இவற்றைப் பொதுவாகத் 'துணை உணவு' என்பர். மருத்துவர் சீட்டு தேவையில்லை. விரல் நுனியால் தொட்டால் வீடு தேடி வந்துவிடும்.

இவை அனைத்தும் பயனற்றவை என்று ஒதுக்கிவிட இயலாது. உடலில் ஒரு சத்து உண்மையிலேயே குறைந்து, அக்குறைவினால் ஒரு சுரப்பி தன் பணியைச் செய்ய இயலாமல் தவிக்கும்போது, அந்தச் சத்தைக் கொடுப்பதே மிகச் சிறந்த மருத்துவம். குறைவு இல்லாத இடத்தில் அதே சத்தை அள்ளிக் கொடுப்பதால் ஹார்மோன் சீராவதில்லை. சில வேளைகளில் உண்மையான நோய் மறைந்து, சிகிச்சை தாமதமாகிறது. இவ்விரு நிலைகளையும் பிரித்தறிவது எப்படி என்பதையே இக்கட்டுரையில் காண்போம்.

கார்டிசால் என்ன செய்கிறது?

சிறுநீரகங்கள் இரண்டின் மேலும் தொப்பி வைத்தாற்போல் அமைந்துள்ளவை அட்ரினல் சுரப்பிகள். இவற்றின் புறப்பகுதியில் சுரப்பதே கார்டிசால். மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பிக்கு ஆணையிடுகிறது. பிட்யூட்டரி தன் பங்குக்கு அட்ரினலைத் தூண்டுகிறது. கார்டிசால் போதிய அளவு சுரந்ததும் அதுவே மூளைக்குச் செய்தியாகச் சென்று சுரப்பைக் குறைக்கச் செய்கிறது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மிதவை தானே குழாயை மூடுவதைப் போன்ற ஏற்பாடு இது.

ஆபத்து நேரும்போது இரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டித் தசைகளுக்கு ஆற்றல் தருவதும், இரத்த அழுத்தம் தாழ்ந்துவிடாமல் காப்பதும், அழற்சி எல்லை மீறாமல் அடக்குவதும் கார்டிசாலின் பணிகள். 1936ஆம் ஆண்டில் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஹான்ஸ் செல்யே, வெவ்வேறு வகைத் தாக்குதல்களுக்கு உடல் ஒரே வகையில் எதிர்வினை ஆற்றுவதையும், அதில் அட்ரினல் சுரப்பிக்கு முதன்மையான பங்கு இருப்பதையும் எடுத்துக்காட்டினார். அட்ரினல் புறப்பகுதி ஹார்மோன்களைக் குறித்த கண்டுபிடிப்புகளுக்காக எட்வர்ட் கெண்டல், டாடியஸ் ரைக்ஸ்டைன், பிலிப் ஹென்ச் ஆகிய மூவரும் 1950ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றனர்.

கார்டிசால் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. விடியலுக்கு முன்பே ஏறத் தொடங்கி, விழித்தெழுந்த அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்குள் உச்சத்தை அடைகிறது. பின்னர் படிப்படியாக இறங்கி, நள்ளிரவை ஒட்டி மிகக் குறைந்த அளவுக்கு வருகிறது. காலை எட்டு மணிக்கு எடுத்த இரத்தத்தில் காணும் அளவை மாலை நான்கு மணி அளவோடு ஒப்பிடுவது பொருந்தாது. எந்த நேரத்திலோ எடுத்த ஒற்றைப் பரிசோதனையைக் காட்டி 'உங்கள் மன அழுத்த ஹார்மோன் கூடியுள்ளது' என்று ஒருவர் கூறினால், அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அன்றாடக் கவலைகளோடு வாழும் பெரும்பாலோரின் கார்டிசால் இயல்பான எல்லைக்குள்தான் இருக்கும்.

கார்டிசால் உண்மையிலேயே மிகுந்துவிடும் நோய்க்குக் குஷிங் நோய்க்குறி என்று பெயர். முகம் வட்டமாக உப்புதல், வயிற்றில் அகன்ற ஊதா நிறக் கோடுகள், சிறிது இடித்தாலும் கன்றிப்போதல், தொடைத் தசைகள் வலுவிழந்து உட்கார்ந்த இடத்திலிருந்து எழ இயலாமை ஆகியவை இதன் அடையாளங்கள். 24 மணி நேரச் சிறுநீர், இரவு நேர உமிழ்நீர், டெக்சாமெத்தசோன் மாத்திரை கொடுத்துச் செய்யும் இரத்தப் பரிசோதனை ஆகியவற்றால் மருத்துவர் இதை உறுதி செய்வார். இந்நோய்க்குத் துணை உணவு எதுவும் தீர்வாகாது.

'அட்ரினல் சோர்வு' என்னும் சொல்

நீண்டகால மன அழுத்தத்தால் அட்ரினல் சுரப்பி களைத்துப்போய்விடுகிறது என்னும் கருத்து 1998ஆம் ஆண்டு முதல் 'அட்ரினல் சோர்வு' என்ற பெயரில் பரவியது. நாளமில்லாச் சுரப்பியியல் மருத்துவர்கள் இதை ஒரு நோயாக ஏற்பதில்லை. பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் இதுபற்றி வெளியான 58 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அத்தகைய நிலை இருப்பதற்கு ஆதாரமில்லை என்று 2016இல் முடிவு தெரிவித்தனர்.

அட்ரினல் உண்மையாகவே செயலிழக்கும் அடிசன் நோய் வேறு. உடல் மெலிதல், தோல் கருத்தல், இரத்த அழுத்தம் தாழ்தல், உப்பின்மேல் தீராத நாட்டம் ஆகியவை அதன் அறிகுறிகள். அது உயிருக்கு ஆபத்தானது. வாழ்நாள் முழுவதும் ஹார்மோன் மாத்திரை தேவைப்படுவது. நம் நாட்டில் இந்நிலை ஏற்பட மற்றொரு வழியும் உண்டு. மூட்டுவலி, ஆஸ்துமா, தோல்நோய் ஆகியவற்றுக்கென விற்கப்படும் பெயரற்ற பொடிகளில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அவற்றைப் பல மாதங்கள் உண்டவரின் அட்ரினல் தன் சுரப்பை நிறுத்திவிடுகிறது. பிறகு பொடியைத் திடீரென விட்டுவிட்டால் மயக்கமும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் நேர்கின்றன. இத்தகைய பொடியை உண்டுவந்தவர்கள் தாமாக நிறுத்தாமல், பொடியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்வதே பாதுகாப்பு.

அட்ரினலுக்கு வலுவூட்டுபவை எனப்படும் துணை உணவுகளிலும் இச்சிக்கல் உண்டு. அமெரிக்கச் சந்தையில் விற்ற அத்தகைய 12 பொருள்களைச் சோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், அனைத்திலும் தைராய்டு ஹார்மோன் சிறிதளவு காணப்பட்டது. ஸ்டீராய்டு ஹார்மோன்களும் இருந்தன. சிட்டையில் அவை குறிப்பிடப்படவில்லை.

உப்பு கற்பித்த பாடம்

சத்தைக் கொடுத்து ஹார்மோனைச் சீராக்கிய மிகப் பெரிய வெற்றிக் கதை நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. தைராய்டு ஹார்மோனாகிய தைராக்சினின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. அயோடின் கிடைக்காத சுரப்பி ஹார்மோனை உருவாக்க இயலாமல், மேலும் மேலும் தூண்டப்பட்டு வீங்குகிறது. கழுத்தில் தோன்றும் அவ்வீக்கமே முன்கழுத்துக் கழலை. கருவுற்ற தாய்க்கு அயோடின் மிகவும் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். இமயமலை அடிவாரத்தில் மழையும் வெள்ளமும் மண்ணிலுள்ள அயோடினை அரித்துச் சென்றுவிட்டதால், அங்குள்ள ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இத்துன்பம் நிலவியது.

1956ஆம் ஆண்டில் மருத்துவர் வி. இராமலிங்கசுவாமியும் அவருடன் பணியாற்றியோரும் இமாச்சலப் பிரதேசத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும் ஒரு பகுதிக்கு வெறும் உப்பும் வழங்கினர். சில ஆண்டுகளில் அயோடின் உப்பு பெற்ற இரு பகுதிகளிலும் கழலை வெகுவாகக் குறைந்தது. வெறும் உப்புப் பகுதியில் குறையவில்லை. இந்த ஆய்வின் வெளிச்சத்தில் 1962ஆம் ஆண்டு தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. 1992இல் அது அயோடின் குறைபாட்டு நோய்கள் கட்டுப்பாட்டுத் திட்டமாக விரிவடைந்தது. 2006 முதல், அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்கென விற்பது நாடெங்கும் தடை செய்யப்பட்டுள்ளது. நம் கைக்கு வரும்போது அதில் பத்து இலட்சத்துக்குக் குறைந்தது 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி.

இக்கதையில் மூன்று செய்திகள் உள்ளன. குறைபாடு முதலில் உறுதி செய்யப்பட்டது. அக்குறைபாட்டுக்கும் ஹார்மோனுக்கும் உள்ள தொடர்பு தெளிவாக இருந்தது. கொடுத்த பகுதியையும் கொடாத பகுதியையும் ஒப்பிட்டுப் பயன் அளக்கப்பட்டது. எந்தத் துணை உணவைக் கண்டாலும் இம்மூன்றையும் கேட்டுப் பார்க்கலாம். அயோடின் உப்பு உண்ணும் ஒருவர் 'தைராய்டுக்கு நல்லது' என்று கடற்பாசி மாத்திரையையும் சேர்த்து உண்டால், அதே அயோடின் மிகுதியாகி, தைராய்டு மிகையாகவோ குறைவாகவோ சுரக்கத் தொடங்கலாம்.

ஒரே அறிகுறி, பல காரணங்கள்

களைப்பு, முடி உதிர்தல், உடல் எடை மாற்றம், மாதவிடாய் ஒழுங்கின்மை, மனச்சோர்வு ஆகியவை விளம்பரங்களில் மன அழுத்த ஹார்மோனின் கணக்கில் எழுதப்படுகின்றன. மருத்துவர் இவற்றைக் கேட்டதும் நினைத்துப் பார்ப்பது வேறு பட்டியல்: இரத்தசோகை, தைராய்டு குறைவு, நீரிழிவு, வைட்டமின் பி12 குறைவு, தூக்கத்தில் மூச்சுத் திணறல், மனச்சோர்வு நோய்.

2019–21ஆம் ஆண்டுகளின் ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். களைப்புற்ற ஒரு பெண்ணுக்கு முதலில் பார்க்க வேண்டியது ஹீமோகுளோபின் அளவு என்பது இதனால் விளங்கும். இறைச்சி, முட்டை உண்ணாதவர்களிடமும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலமாக உட்கொள்பவர்களிடமும் பி12 குறைவு அடிக்கடி காணப்படுகிறது. கைகால் மரத்துப்போதலும் மறதியும் அதன் அடையாளங்கள். இரும்பும் பி12உம் துணை உணவுக் கடையிலேயே கிடைப்பவைதாம். ஆயினும் எது குறைந்துள்ளது, ஏன் குறைந்துள்ளது என்பதை அறிந்தபின் உட்கொண்டால்தான் அளவும் காலமும் சரியாக அமையும். ஐம்பது வயதைக் கடந்த ஆண் ஒருவருக்கு இரத்தசோகை இருந்தால், குடலில் இரத்தக் கசிவு உண்டா என்று பார்ப்பது மருத்துவ நடைமுறை. அவர் தாமாகவே சத்து மாத்திரை உண்டு களைப்பைப் போக்கிக்கொண்டால், கசிவின் காரணம் மறைந்து வளரும்.

அமுக்கரா: ஆய்வுகள் கூறுவது

மன அழுத்தத்துக்கான துணை உணவுகளில் மிகுதியாக விற்பது அஸ்வகந்தா. சித்த மருத்துவத்தில் இதுவே அமுக்கரா. மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்தசௌர் வட்டாரங்களில் இது பெருமளவில் பயிராகிறது. நம் மரபு மருத்துவத்தில் நெடுங்காலமாக இடம்பெற்ற இம்மூலிகையைப் பற்றிய இக்கால ஆய்வுகளும் உண்டு. 2012இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் 64 பேர் பங்கேற்றனர். ஒரு குழுவினர் வேர்ச்சாற்றை நாளுக்கு இருமுறை 300 மில்லிகிராம் வீதம் 60 நாள்கள் உட்கொண்டனர். மற்றொரு குழுவினருக்கு மருந்தற்ற வெற்று மாத்திரை தரப்பட்டது. அமுக்கரா உண்டவர்களின் மன அழுத்த மதிப்பெண்ணும் கார்டிசாலும் மற்றவர்களைவிடக் குறைந்தன. பின்வந்த சில சிறிய ஆய்வுகளும் இதையொத்த பலனைக் காட்டின.

எனவே அமுக்கராவுக்குச் சிறிதும் ஆதாரமில்லை என்று கூற முடியாது. அதே வேளையில், இவ்வாய்வுகளில் பங்கேற்றவர்கள் சிலரே. காலமும் இரண்டு, மூன்று மாதங்களே. ஆண்டுக்கணக்கில் உட்கொள்வதற்கு இவை சான்றாகா. இம்மூலிகை தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது என்பதால், தைராக்சின் உட்கொள்வோர்க்கும் தைராய்டு மிகையாகச் சுரப்போர்க்கும் எச்சரிக்கை தேவை. கருவுற்ற பெண்கள் தவிர்க்க வேண்டும். தூக்க மாத்திரை, நீரிழிவு மாத்திரை உட்கொள்வோர் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். கல்லீரல் பாதிப்பு அரிதாக நேர்ந்த நிகழ்வுகளும் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. கண் மஞ்சளாதல், சிறுநீர் கருத்தல், உடல் அரிப்பு ஆகியவை தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரை நாட வேண்டும். வேருக்குப் பதிலாக இலையைப் பயன்படுத்துவதைத் தவிர்க்குமாறு 2021இல் ஆயுஷ் அமைச்சகம் உற்பத்தியாளர்களை அறிவுறுத்தியது. ஆகவே வாங்கும்போது 'வேர்' என்று குறிப்பிட்டுள்ளதா என்று பார்க்கலாம்.

பரிசோதனையைக் குழப்பும் மாத்திரைகள்

முடிக்கும் நகத்துக்கும் என விற்கப்படும் மாத்திரைகளில் பயோட்டின் என்னும் பி வைட்டமின் உள்ளது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மைக்ரோகிராம் பயோட்டின் போதுமானது. அன்றாட உணவே அதைத் தந்துவிடும். கடையில் கிடைக்கும் மாத்திரைகள் பலவற்றில் 10 மில்லிகிராம், அதாவது 10,000 மைக்ரோகிராம் உள்ளது. தேவையைவிட முந்நூறு மடங்குக்கும் மேல்.

பயோட்டின் உடலுக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. இடர் ஆய்வகத்தில் நேர்கிறது. ஹார்மோன்களை அளக்கும் கருவிகளில் பல, பயோட்டினைப் பசைபோல் பயன்படுத்தியே அளவிடுகின்றன. இரத்தத்தில் பயோட்டின் மிகுந்திருந்தால் கணக்கு பிறழ்கிறது. தைராய்டு பரிசோதனையில் டி.எஸ்.எச். குறைவாகவும் தைராக்சின் மிகுதியாகவும் காட்டி, இல்லாத தைராய்டு மிகைப்பை இருப்பதாகத் தோற்றுவிக்கும். அதை நம்பி மருந்தின் அளவை மாற்றினால் நோயாளி உண்மையாகவே பாதிக்கப்படுவார். மாரடைப்பை அறிய உதவும் ட்ரோபோனின் பரிசோதனையிலும் இப்பிழை நேரும். ட்ரோபோனின் தவறாகக் குறைத்துக் காட்டப்பட்ட ஒருவர் இறந்ததையும் குறிப்பிட்டு, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரிக்கை விடுத்தது. தைராய்டு பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள்களுக்கு முன்பே பயோட்டினை நிறுத்துவதும், உட்கொள்ளும் அளவை ஆய்வகத்தில் சொல்லிவிடுவதும் நல்லது.

தைராக்சின் மாத்திரை உட்கொள்வோர்க்கு மற்றொரு குறிப்பும் உண்டு. இரும்பும் கால்சியமும் குடலில் தைராக்சினைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. காலையில் வெறும் வயிற்றில் தைராக்சினை உட்கொண்டு, இரும்பு, கால்சிய மாத்திரைகளை நான்கு மணி நேரம் கழித்தே உட்கொள்ள வேண்டும். மருந்தை ஒழுங்காக உண்டும் டி.எஸ்.எச். குறையவில்லை என்று வருந்துவோர் சிலரின் சிக்கல், இந்த இடைவெளியைக் கடைப்பிடித்ததும் தீர்ந்துவிடுவதுண்டு.

மிகுதியும் நோயே

வைட்டமின் டி, உடலில் ஹார்மோனாக மாறிச் செயல்படும் சத்து. நம் நாட்டில் இது 60,000 அலகு கொண்ட மாத்திரையாகவோ பொடியாகவோ கிடைக்கிறது. குறைபாடு உள்ளவருக்கு வாரம் ஒன்று வீதம் சில வாரங்களுக்கு மருத்துவர் எழுதிக் கொடுப்பது வழக்கம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை நாளுக்கு 600 அலகு. எனவே ஒரு மாத்திரை நூறு நாள் தேவைக்குச் சமம். 'வாரம் ஒன்று' என்பதை 'நாள் ஒன்று' எனப் பிழையாக எடுத்துக்கொண்டவர்களும், குறிப்பிட்ட வாரங்கள் முடிந்தபின்னும் தாமே தொடர்ந்தவர்களும் இரத்தத்தில் கால்சியம் மிகுந்து, வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவற்றோடு மருத்துவமனை சேர்ந்ததுண்டு.

தைராய்டுக்கென விற்கப்படும் செலினியம் மிகுந்தால் முடி உதிரும், நகம் உடையும். முடி உதிர்வதற்காகவே அதை வாங்கியவர், உதிர்தல் கூடுவதைக் கண்டு அளவை மேலும் கூட்டும் அவலமும் நேரலாம். வெவ்வேறு பெயரில் வாங்கிய இரண்டு, மூன்று பொருள்களில் ஒரே சத்து இடம்பெற்று, மொத்த அளவு எல்லை மீறுவதும் உண்டு. வீட்டிலுள்ள எல்லாப் புட்டிகளையும் ஒருமுறை மேசைமேல் வைத்துச் சிட்டைகளைக் கூட்டிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

இளம்பெண்களிடையே பரவலாகக் காணப்படும் பி.சி.ஓ.எஸ். என்னும் சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறியில் இன்சுலின் எதிர்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு. இதற்கென இனோசிட்டால் பொடி மிகுதியாக விற்கப்படுகிறது. பெருந்தீங்கு இல்லை, கிடைக்கும் மருத்துவப் பயனும் குறைவே என்பது 2023ஆம் ஆண்டுப் பன்னாட்டு வழிகாட்டு நெறியின் நிலைப்பாடு. உடல் எடை மிகுந்தவர்கள் அதில் ஐந்து முதல் பத்து விழுக்காடு குறைத்தாலே மாதவிடாய் சீராகும் வாய்ப்பு உயர்கிறது.

சிட்டையை வாசிப்போம்

துணை உணவுகளுக்கான இந்திய விதிகள் 2016ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டன. அவற்றின்படி இப்பொருள் துணை உணவு என்பதும், மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதன்று என்பதும் சிட்டையில் எடுப்பாக இருக்க வேண்டும். பரிந்துரைக்கும் அளவு, அதை மீறக் கூடாது என்னும் எச்சரிக்கை, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் ஆகியனவும் வேண்டும். நோயைத் தடுக்கும், தீர்க்கும், குணப்படுத்தும் என்று கூற இப்பொருள்களுக்கு அனுமதியில்லை. 'தைராய்டை வேரோடு போக்கும்' என்று கூறும் துணை உணவு, அந்த ஒரு வரியிலேயே விதியை மீறிவிடுகிறது. சித்த, ஆயுர்வேத மருந்தாக விற்கப்படுவதாயின், மருந்து உற்பத்தி உரிம எண் இருக்க வேண்டும். தவறான விளம்பரம் குறித்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம்.

கணக்கிலிருந்து செல்லும் தொகை

மாதம் 1,200 ரூபாய் விலையுள்ள துணை உணவை ஒருவர் சந்தா முறையில் வாங்குவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 14,400 ரூபாய். ஐந்தாண்டுகளில் 72,000 ரூபாய். இதனோடு ஒப்பிடுகையில், ஹீமோகுளோபின், சர்க்கரை, டி.எஸ்.எச். ஆகிய அடிப்படைப் பரிசோதனைகளின் செலவு மிகச் சிறிது. அரசு மருத்துவமனைகளில் அதுவும் பெரும்பாலும் இல்லை. தைராய்டு குறைவுக்கான தைராக்சின், அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்று விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து. நோய் உறுதியானால் சிகிச்சைச் செலவு, ஊகத்தின்பேரில் வாங்கும் துணை உணவின் செலவைவிடக் குறைவாகவே முடிவது உண்டு.

சந்தா முறையில் மற்றொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. தொடர் பற்றுக்கான மின்னணு ஒப்புதலை முதன்முறை பதிவு செய்யும்போது ஓ.டி.பி. போன்ற கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். அதன்பின் ஒவ்வொரு முறையும் 15,000 ரூபாய் வரையிலான தொகை ஓ.டி.பி. இன்றியே கணக்கிலிருந்து செல்லும். இவ்வரம்பை 2022இல் பாரத ரிசர்வ் வங்கி 5,000 ரூபாயிலிருந்து உயர்த்தியது. தொகை எடுக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் நமக்கு அறிவிப்பு வர வேண்டும். அந்த ஒரு பற்றையோ ஒப்புதலையே முழுவதுமாகவோ விலக்கிக்கொள்ளும் உரிமையும் நமக்கு உண்டு. 'முதல் மாதம் இலவசம்' என்று தொடங்கி மறந்துபோன சந்தாக்கள் நம் கணக்கில் உள்ளனவா என்று மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று.

மருத்துவக் காப்பீடு இச்செலவை ஏற்கும் என்றும் எண்ண வேண்டாம். மருத்துவமனை அனுமதி அல்லது பகல்நேரச் சிகிச்சையின் பகுதியாக மருத்துவர் எழுதிக் கொடுத்தாலன்றி, சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய வைட்டமின்களையும் துணை உணவுகளையும் விலக்கி வைக்கும் பொது விதி காப்பீட்டு ஒப்பந்தங்களில் இடம்பெறுகிறது.

விலையில்லாத வழிகள்

கார்டிசாலின் நாள்சுழற்சியைக் காப்பதில் உறக்கத்துக்கு இணையானது வேறில்லை. நாள்தோறும் ஒரே நேரத்தில் படுத்து, ஒரே நேரத்தில் எழுந்து, ஏழு மணி நேரமாவது உறங்க வேண்டும். காப்பியிலுள்ள கஃபீனில் பாதி உடலிலிருந்து நீங்கவே ஐந்து மணி நேரம் அளவில் ஆகும். ஆகையால் பிற்பகலுக்குப் பின் காப்பியைத் தவிர்க்கலாம். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. நாளுக்கு அரை மணி நேர விரைநடையாக வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் கணக்கு நிறைவேறிவிடும். மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக வெளிவிடும் பயிற்சி இதயத் துடிப்பை அமைதிப்படுத்துகிறது.

சுமையின் வேர் மனத்தில் இருப்பின், அதற்குரிய உதவியை நாடுவதில் தயக்கம் வேண்டாம். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமின்றி மனம் சோர்ந்திருந்தால், அதை ஹார்மோன் என்று ஒதுக்கிவிடாமல் மருத்துவரைக் காண்பதே முறை.

சுருக்கமாக, வாங்கும் முன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை நான்கு. என் அறிகுறிக்குக் காரணம் என்ன என்று மருத்துவர் பார்த்தாரா? இந்தச் சத்து எனக்குக் குறைவு என்று பரிசோதனை காட்டியதா? ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்தோடு இது ஒத்துப்போகுமா? எப்போது நிறுத்த வேண்டும் என்பது எனக்குத் தெரியுமா? நான்குக்கும் விடை கிடைத்தபின் வாங்கும் துணை உணவு உடலுக்குத் துணையாகும். விடை கிடைக்கும்வரை, அத்தொகை நம் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும்.